தள்ளிக்கொண்டு போன மொபெட்

நல்ல வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் இரண்டே முடிவுக்குத்தான் வருவார்கள். ஒன்று, பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இல்லையென்றால் மூளை தீர்ந்துவிட்டது. குண்டூசிக்கு மூன்றாவதாக எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் இந்நேரம் தனியாகத் துப்பறியும் போர்டு மாட்டியிருப்பான்.

"அக்கா, அந்த மனுஷன் மொபெட்டை வாக்கிங் கூட்டிட்டுப் போறாரு," என்றான்.

அக்கா காரின் முன்கண்ணாடி வழியாக மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மொபெட்டின் பின்னால் தண்ணீர் கேனைக் கட்டி, மூச்சிரைக்க மேலே தள்ளிக்கொண்டு போனார். நேற்றும் இதே மேடு, இதே தள்ளல்தான்.

அக்கா என்றால் குண்டூசிக்கு உறவில்லை. விபத்தில் நொறுங்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வருஷக்கணக்கில் குனிந்து பார்த்துப் பார்த்து முதுகு வளைந்தவள். நிமிர்ந்தபோது சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். ஊரே அக்கா என்றது, உதவியாளாக வந்த அவனும் சேர்ந்துகொண்டான். அவனுக்கு உடம்பும் குண்டூசி, வாயும் குண்டூசி. பெயர்ப்பொருத்தம் அப்படி அமைவது சிலருக்குத்தான்.

மேடேறிக்கொண்டிருந்தவர் மார்பிள் கடை முதலாளியின் டிரைவர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில், முதலாளியின் பெரிய கார் ஒரு பேக்கரித் தொழிலாளியை சைக்கிளோடு அடித்துத் தூக்கிப் போட்டது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போனவர். கார் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக விழுந்து உடைந்த மது பாட்டில் மட்டும் ரோட்டில் கிடந்தது. மறுநாள் பிற்பகல் டிரைவர் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, குடித்துவிட்டு ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்? லைசென்ஸ் எங்கே என்று கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று நகலைக் கொடுத்தார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு இது முதல் தடவையும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே முதலாளியின் காரைக் குடித்துவிட்டு ஒரு கடைச் சுவரில் மோதி, உள்ளே இருந்தவரின் காலை உடைத்தார் என்று ஜெயிலுக்குப் போய் வந்தவர். குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் முதல் தடவை அபராதத்தோடு போகலாம். இரண்டாம் தடவை லைசென்ஸே ரத்து, நீதிபதிக்குக் கோபம் வந்தால் ஜெயிலும் உண்டு. ஆளைக் கொன்றுவிட்டு நிற்காமல் போனால் வருஷக்கணக்கில் களி தின்ன வேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்த மனிதர், போலீஸிடம் ஒப்புக்கொண்ட மனிதர், கோர்ட்டில் நின்று "நான் குற்றவாளி இல்லை" என்று மட்டும் சொன்னார். அதனால் வழக்கு விசாரணைக்கு வந்தது, அவர் ஜாமீனில் வெளியே வந்தார். நாளைக்கு முதலாளி சாட்சி சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வார்த்தைதான் இறந்தவரின் மனைவியை அக்காவிடம் கொண்டுவந்தது. அவள் தையல்காரி. புருஷன் போனதிலிருந்து கடை திறக்கவில்லை. மெஷின் மேல் தூசி படிந்து கிடந்தது. தூசி படியாத ஒன்று அவள் கண்.

"கோர்ட்டு வாசல்ல என்கிட்ட வந்து நின்னான். 'கொஞ்சம் பொறுங்கம்மா'ன்னான்," என்றாள் அக்காவிடம். "கொன்னவன் என்னைப் பொறுக்கச் சொல்றான். அவன் ஏதோ ஓட்டை வச்சிருக்கான் மேடம். எது வழியா தப்பிக்கப் போறான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதை நான் அடைச்சுக்கறேன்."

நஷ்டஈடு பற்றி அக்கா கேட்டதற்கு அவள் சிரித்த சிரிப்பில் குண்டூசி ஒரு அடி பின்வாங்கினான். அவர்கள் கிளம்பும்போது சாணை பிடிக்கிறவர் வந்து அவளுடைய பெரிய கத்தரியைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"போய்த் தள்ளிவிடு," என்றாள் அக்கா இப்போது.

"யாரை?"

"வண்டியை."

குண்டூசி ஓடிப்போய் கேனைப் பிடித்துக்கொண்டான். அண்ணே, வயசான காலத்தில் இதென்ன வேலை, ரிப்பேரா, நான் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே, பெரியவர் தடுக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். ஒரே உதை. மொபெட் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. டேங்கைக் குலுக்கிப் பார்த்தான், முக்கால்வாசி இருந்தது.

"நல்லா ஓடுதே அண்ணே."

"ஓடும் தம்பி. ஓட்டத்தான் ஆள் இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். மறுபடி தள்ள ஆரம்பித்தார்.

மேட்டின் உச்சியில் இருந்த பெட்டிக்கடைக்காரர் பேச்சுத் துணை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். குண்டூசி ஒரு டீ வாங்கினான், அவர் ஒரு ஊர்க்கதையே கொடுத்தார். டிரைவர் தங்கமான மனிதராம். இவர் எப்படிக் குடிகாரர் ஆனார் என்று கடைக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லையாம். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு எடுப்பாராம். மனைவி இறந்த நாள். அன்று மனைவியின் ஊருக்குப் போய், அடக்கம் செய்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாராம். இந்த வருஷம் போனவர் மறுநாள்தான் திரும்பினாராம், அதுவும் மொபெட்டை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு. அன்றிலிருந்துதான் இந்தத் தள்ளல்.

குண்டூசி காருக்குத் திரும்பி வந்து அத்தனையும் ஒப்பித்தான். லைசென்ஸ் தொலைந்துபோனதால் பயந்து தள்ளுகிறாரோ என்று தன் பங்குக்கு ஒரு கருத்தும் சொன்னான்.

"லைசென்ஸைத் தொலைச்சவன் புதுசு வாங்க அலைவான். இவர் அலையலை," என்றாள் அக்கா. "வண்டி ஓடுது. பெட்ரோல் இருக்கு. கை கால் நல்லா இருக்கு. அப்புறமும் ஓட்டலைன்னா, ஓட்டக் கூடாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. இவர் கேக்கிற மனுஷன், கேக்கறாரு. இந்தக் கேஸ்ல கோர்ட் இன்னும் லைசென்ஸ் பத்தி வாயே திறக்கலை. அப்போ சொன்ன கோர்ட் எது?"

குண்டூசி டீயை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. அந்த அளவுக்கு மூளை அவனுக்கும் உண்டு.

மனைவியின் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே டிராஃபிக் இன்ஸ்பெக்டர் ஒரு பெரிய தொப்பையையும் அதைவிடப் பெரிய ஞாபகசக்தியையும் வைத்திருந்தார். அக்கா ஆளை வர்ணிக்க ஆரம்பித்ததுமே அவர் சிரித்துவிட்டார். ரோட்டில் மொபெட் பாம்பு மாதிரி நெளிந்து வந்ததாம். நிறுத்தி, மூச்சுப் பரிசோதனை மெஷினை வாயில் வைத்து ஊதச் சொன்னாராம்.

"ஊதச் சொன்னா உறிஞ்சறாரு மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "மறுபடி சொன்னா மறுபடி உறிஞ்சறாரு. ஐயா, ஏற்கெனவே குடிச்சு மாட்டி ஜெயிலுக்குப் போனவர்னு உங்க பேர்ல பதிவு இருக்கு, ஊதத் தெரியாதான்னு கேட்டேன். 'இல்லீங்க, இதுதான் முதல் தடவை'ன்னு சொல்லி அழறாரு."

குண்டூசிக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மிச்சத்தை இன்ஸ்பெக்டர் அடுக்கினார். யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்கு யாரும் இல்லை என்றாராம். ராத்திரி முழுவதும் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் கோர்ட். யாருக்கும் சேதமில்லை என்பதால் நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பவில்லை, அபராதத்தோடு விட்டார். ஆனால் பழைய தண்டனை பதிவில் இருந்ததால் இது இரண்டாம் தடவை என்று கணக்காகி, லைசென்ஸ் ரத்து. அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாராம். மொபெட்டை எப்படி ஊருக்குக் கொண்டுபோவது என்று கேட்டாராம். "ஓட்டக் கூடாது, தள்ளிக்கிட்டுப் போனா சட்டம் ஒண்ணும் சொல்லாது" என்று இன்ஸ்பெக்டர் தமாஷுக்குச் சொல்லியிருக்கிறார். மனிதர் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அது எந்த நாள் என்று அக்கா கேட்டாள். அவர் சொன்னார். பேக்கரிக்காரர் செத்த அதே நாள். மொபெட்டை நிறுத்தியது எப்போது என்று கேட்டாள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரம் என்றார்.

"ஒரே ஆள், ஒரே நேரம், ரெண்டு ஊர்ல ரெண்டு வண்டி," என்றான் குண்டூசி. "சம்பளம் மட்டும் ஒண்ணுதான் குடுத்திருப்பாங்க."

நாளைக்குக் கோர்ட்டுக்கு வர முடியுமா என்று அக்கா இன்ஸ்பெக்டரைக் கேட்டாள். பின் பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் போதும், கூப்பிடும்போது எழுந்தால் போதும் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, யூனிஃபார்மிலா, சாதா உடையிலா என்று மட்டும் கேட்டார்.

டிரைவரின் அறை மார்பிள் கடையின் கோடவுனுக்குப் பின்னால் இருந்தது. விற்காத டைல்ஸ், உடைந்த டைல்ஸ், ஓரம் போன டைல்ஸ் எல்லாம் சேர்ந்து அவருக்குத் தரையாகியிருந்தன. ஒரு சதுரம் ஊதா, பக்கத்துச் சதுரம் பச்சை. கார் துடைக்கிற மஞ்சள் துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன, இப்போது துடைக்கக் கார் இல்லை. முதலாளி புது டிரைவர் வைத்துக்கொண்டுவிட்டார். சுவரில் மனைவியின் படம். அந்த அம்மாள் படத்தில்கூடக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தாள்.

"அந்த ஊர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துட்டு வர்றோம்," என்றாள் அக்கா.

பெரியவர் தண்ணீர் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். உட்காரச் சொன்னார். பயப்படுவார் என்று குண்டூசி எதிர்பார்த்தான். அவர் பயப்படவில்லை, எரிச்சல்பட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அப்புறம் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் சுவரில் மோதியதும் முதலாளிதான். குடித்திருந்ததும் முதலாளிதான். அப்போது டிரைவரின் மனைவி படுத்த படுக்கை. நீ ஏற்றுக்கொள், நான் அவளை என் கூடப்பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொள்கிறேன், ஆனால் அவளுக்குக்கூட உண்மை தெரியக் கூடாது என்று முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இவர் நம்பினார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதர், குடிகாரன் என்ற பட்டத்தோடு உள்ளே போனார். முதலாளி ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பணம் கட்டாததால் மருந்தை நிறுத்திவிட்டார்கள். இவர் ஜெயிலில் இருந்தபோதே அவள் போய்விட்டாள்.

"சாகறப்போ பக்கத்துக் கட்டில்காரம்மாகிட்ட, 'அந்தக் குடிகாரன் முகத்தை என் பொணத்துக்குக்கூடக் காட்டாதீங்க'ன்னு சொல்லியிருக்கா," என்றார் டிரைவர். குரல் உடையவில்லை. ஆறு வருஷமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. "எல்லாம் தெரிஞ்சும் அவர்கிட்டயே வந்து சேர்ந்தேன். வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்? தினமும் கதவைத் திறந்துவிட்டேன், தினமும் மூடினேன். காத்துட்டிருந்தேன்."

இந்த வருஷ நினைவுநாளில், எப்படியும் குடிகாரன் என்றுதான் பெயர், அது எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிடலாம் என்று குடித்தாராம். வாந்திதான் வந்ததாம். போலீஸில் மாட்டினார். இங்கே டிரைவர் இல்லாத முதலாளி, வழக்கம்போல் குடித்துவிட்டுத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"மறுநாள் வந்து நிக்கறேன். முன்கண்ணாடி நொறுங்கிக் கெடக்கு. 'நேத்து நீதான் ஓட்டினே'ன்னாரு. முதலாளி, நேத்து நான் அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'பேசாதே, சொல்றதை மட்டும் கேளு'ன்னாரு. இத்தனை வருஷத்துல அவர் என்னை ஒரு பேச்சையும் முடிக்கவிட்டதில்லைம்மா. சரி, இதையும் முடிக்க வேணாம்னு விட்டுட்டேன்."

 

இன்றைக்கே அரசு வக்கீலிடம் சொன்னால் நாளைக்கே நீங்கள் விடுதலை என்றாள் அக்கா. அவர் தலையாட்டி மறுத்தார். இப்போது சொன்னால் முதலாளி அடுத்த நிமிஷமே ஞாபகப் பிசகு என்பார், மெக்கானிக் பையன் எடுத்துப்போனான் என்பார், இன்னொரு ஏழையைப் பிடித்து நிறுத்துவார். அவருக்கு டிரைவருக்கா பஞ்சம்? அவர் கூண்டில் ஏற வேண்டும், சத்தியம் செய்ய வேண்டும், என் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார். கோர்ட்டிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே தீர்ப்பாகியிருக்கும், முதலாளிக்கு கோர்ட் வாசலை மிதிக்கிற வேலையே இருந்திருக்காது. அதனால்தான் குற்றவாளி இல்லை என்றாராம். ஏனென்று கேட்ட முதலாளியிடம், நீங்கள் வந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால் தண்டனை குறையும் என்று காலைத் தொட்டிருக்கிறார்.

"பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு உங்களுக்கும் தண்டனை உண்டு," என்றாள் அக்கா.

"இருக்கட்டும். செய்யாததுக்கே உள்ள இருந்துட்டேன். செஞ்சதுக்கு இருக்கமாட்டேனா?"

"புருஷனைப் பறிகொடுத்தவங்க உங்களைத்தான் கொலைகாரன்னு நினைச்சு எரிஞ்சிட்டிருக்காங்க. நாளைக்கு அவங்க பையில சாணை பிடிச்ச கத்தரி இருக்கும். அது உங்களுக்கு."

அவர் மனைவியின் படத்தைப் பார்த்தார்.  "அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. முதலாளி சத்தியம் பண்ணிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் மட்டும் அவங்களைப் பிடிச்சு வைங்க. அதுக்கப்புறம் அவங்க இஷ்டம்."

மறுநாள் கோர்ட் வாசலில் தையல்காரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அக்கா வழிமறித்தாள். பையைக் குண்டூசியிடம் கொடுக்கச் சொன்னாள். எதற்கு என்று அவள் முறைத்தாள்.

"கடை பூட்டிக் கெடக்கு. கத்தரிக்கு மட்டும் சாணை பிடிச்சிருக்கீங்க."

"அவனைக் காப்பாத்துறீங்களா? நான் உங்களைக் கூப்பிட்டது அதுக்கா?"

"கொன்னவனை உங்க கண்ணுக்கு முன்னாடி நிறுத்தப் போறேன். நீங்க ஆள் மாத்திக் குத்திடக் கூடாது. இன்னிக்குக் குற்றவாளிக் கூண்டைப் பார்க்காதீங்க. சாட்சிக் கூண்டைப் பாருங்க."

தையல்காரிக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதிக்காகப் பையைக் கொடுத்தாள். குண்டூசி அதைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பின் பெஞ்சில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் பூப்போட்ட சட்டையில் வந்திருந்தார்.

முதலாளி பளபளவென்று வந்தார். விற்கிற மார்பிளுக்கு அவரே விளம்பரம். கூண்டேறி, சொல்வதெல்லாம் உண்மை என்று கையை உயர்த்தினார். அந்தக் கை இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, அக்கா அரசு வக்கீலின் காதோரம் குனிந்தாள். வக்கீலின் புருவம் ஏறியது, இறங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

காரின் சாவி யாரிடம் இருக்கும் என்று ஆரம்பித்தார். தன்னிடம் ஒன்று, டிரைவரிடம் ஒன்று, மூன்றாவது மனிதன் அந்தக் காரைத் தொடவே முடியாது என்றார் முதலாளி. அன்றைக்கு டிரைவர் லீவில் வெளியூர் போயிருக்க வாய்ப்பு உண்டா? இல்லவே இல்லை, லீவே கொடுக்கவில்லை. அவர்தான் ஓட்டினார் என்று எப்படித் தெரியும்? என் கண்ணால் பார்த்தேன், கடை வாசலில் தள்ளாடிக்கொண்டே ஏறினான், வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. வேறு யாராவதாக இருக்குமோ?

"இத்தனை வருஷமா என்கிட்ட இருக்கிறவனை எனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி. "கூடப்பிறந்தவன் மாதிரி வச்சிருந்தேன். குடி கெடுத்துடுச்சு. பார்த்து தண்டனை குடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கெட்டது. ஒவ்வொரு பதிலும் அவர் தன்னைச் சுற்றித் தானே வைத்துக்கொண்ட செங்கல். கடைசியில் உள்ளே அவர் ஒருவர்தான் இருந்தார், வாசல் வைக்க மறந்துவிட்டார்.

நீதிபதி டிரைவரைப் பார்த்து, சாட்சியிடம் கேட்க ஏதாவது உண்டா என்றார். முதலாளி வைத்துக்கொடுத்த வக்கீல், ஒன்றுமில்லை என்று முந்திக்கொண்டார். டிரைவர் கையைக் கூப்பினார்.

"ஒரு கேள்வி இருக்குங்க ஐயா."

"பேசாதே," என்றார் முதலாளி கூண்டிலிருந்து. பழக்கதோஷம், நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இங்க யார் பேசணும்னு நான் சொல்றேன். நீங்க கேளுங்க பெரியவரே."

"அந்த வண்டி அந்த அம்மாவோட வீட்டுக்காரரை அடிச்ச நேரத்துல, குடிச்சிட்டு மொபெட் ஓட்டினதுக்காக நான் என் சம்சாரத்தோட ஊர் போலீஸ்கிட்ட மாட்டியிருந்தேன். ராத்திரி முழுக்க அங்க ஸ்டேஷன்லதான் இருந்தேன். மறுநாள் அந்த ஊர் கோர்ட்ல என் லைசென்ஸை ரத்து பண்ணினாங்க. இது முதலாளிக்குத் தெரியுமான்னு கேக்கணுங்க."

முழுதாகச் சொல்லி முடித்தார். அந்த முதலாளியின் முன்னால் அவர் முடித்த முதல் பேச்சு அதுதான்.

பின் பெஞ்சில் பூப்போட்ட சட்டை எழுந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தான் யார் என்று சொல்லி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஊதச் சொன்னால் உறிஞ்சிய கதையையும் விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முதலாளி முகத்திலிருந்து பளபளப்பு இறங்கிக்கொண்டிருந்தது. இருந்த சாவிகள் இரண்டு. ஒரு சாவிக்காரர் மலையடிவாரத்தில் போலீஸ் காவலில் இருந்தார். மற்ற சாவி யாருடையது என்று எல்லோரும் சற்று முன்தான் அவர் வாயாலேயே கேட்டிருந்தார்கள். ஞாபகப் பிசகு என்று ஏதோ முனகினார். கண்ணால் பார்த்ததும் பிசகா என்று நீதிபதி கேட்டார்.

சத்தியம் செய்து பொய் சொன்னதற்காக அவரை அங்கேயே காவலில் எடுக்க உத்தரவானது. அந்த மரணத்தையும் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னார் நீதிபதி. டிரைவரின் பொய் வாக்குமூலத்துக்குத் தனியாக வழக்கு உண்டு என்றார், அதுவரை பழைய ஜாமீனிலேயே இருக்கலாம். டிரைவர் அதற்கும் கை கூப்பினார்.

இரண்டு போலீஸ்காரர்கள் பக்கத்தில் வர, முதலாளி கூண்டைவிட்டு இறங்கினார். புது டிரைவர் அன்றைக்கு லீவு, காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். டிரைவரைக் கடக்கும்போது கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. சாவியை எடுத்து நீட்டினார்.

"வண்டியை வீட்ல விட்டுடு."

பெரியவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு லைசென்ஸ் இல்லீங்க முதலாளி. குடிச்சிட்டு ஓட்டினா அப்படித்தாங்க பண்ணுவாங்க."

சாவி நடுவில் விழுந்தது. அதை யாரும் குனிந்து எடுக்கவில்லை.

வெளியே போலீஸ் வேன் கிளம்பி, கேட்டைத் தாண்டி, கண்ணுக்கு மறையும்வரை தையல்காரி வெயிலில் நின்று பார்த்தாள். ஒரு துளியையும் தவறவிடக் கூடாது என்பது மாதிரி பார்த்தாள். பிறகு டிரைவரிடம் வந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மான்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அப்போ நான்…" பாதியில் நிறுத்தினாள். அவர் குறுக்கிடவில்லை. அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். "…உங்களை மனசுக்குள்ள எத்தனை தடவை கொன்னேன் தெரியுமா?"

"தெரியும்மா. இன்னும் கொஞ்சம்தான். அவருக்குத் தீர்ப்பு வர்ற வரைக்கும். நானே வந்து சாட்சி சொல்வேன்."

அவள் தலையாட்டினாள். குண்டூசியிடம் கையை நீட்டிப் பையைக் கேட்டாள். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா சரி என்றதும் கொடுத்தான். நாளைக்குக் கடை திறக்கணும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

டிரைவர் மரத்தடியில் நிறுத்தியிருந்த மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தள்ள ஆரம்பித்தார். குண்டூசி ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்தான். எங்கே போக வேண்டும் என்று கேட்டான். அவர் மனைவியின் ஊரைச் சொன்னார்.

"மலையடிவாரம் வரைக்கும் தள்ளினா, அண்ணே, போய்ச் சேரும்போது டயர் மட்டுமில்ல, நீங்களும் தேய்ஞ்சிருப்பீங்க. என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. பின்னாடி ஏறுங்க."

பெரியவர் வாழ்நாள் முழுவதும் முன்னால் உட்கார்ந்தே பழகிய மனிதர். அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"ஊது," என்றார்.

குண்டூசி ஊதினான். டீ வாசனை.

அவர் ஏறி உட்கார்ந்து, அவன் தோளில் கையை வைத்தார். "மெதுவாவே போ தம்பி. ஆறு வருஷமா சொல்லாத விஷயம். அவகிட்ட எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு யோசிக்கணும்."